‘போன் காணும்’ எண்டு ஆர் சொன்னது?

ஒவ்வொரு வருஷமும் ஆய்வேட்டுக் காலம் வந்தால் எங்கள் கலைப்பீடத்து விறாந்தையில் ஒரே உரையாடல்தான்.

“நேர்காணலுக்குப் போறியளோ? என்னத்தில ரெக்கோட் பண்ணப் போறியள்?”

“போன் இருக்குத்தானே. அது காணும்.”

கேட்டவர் தலையாட்டுவார். சொன்னவர் பஸ் பிடிக்கப் போய்விடுவார். மாதிரியெடுப்புக்கு, வினாக்கொத்துக்கு, மேற்கோள் காட்டும் முறைக்கு எல்லாம் வகுப்பு இருக்கிறது. அடிக்குறிப்பில் காற்புள்ளி எங்கே வர வேண்டும் என்பதில் புள்ளி வெட்டுகிறார்கள். ஆனால் ஆய்வேட்டின் முழு ஆதாரமும் ஒரு மனுசியின் குரலாக இருக்கும்போது, அந்தக் குரலை எந்தக் கருவியில், எப்படிப் பிடிக்கிறது என்று ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

நாங்களும் அந்த வசனத்தைச் சொல்லித் திரிந்தவர்கள்தான். வன்னிப் பக்கம் ஒரு ஊரில் வயல் வேலைப் பாட்டுகள் தெரிந்த ஆச்சி ஒருவர் இருக்கிறா எண்டு கேள்விப்பட்டு நாலு பேராகப் போனோம். முதல் அரை மணித்தியாலம் “எனக்கென்ன தெரியும் பிள்ளையள்” எண்டு சொல்லிக்கொண்டிருந்தவ, தேத்தண்ணி குடிச்சு முடிய, தன்ர பாட்டில அருவி வெட்டுப் பாட்டொன்றைத் தொடங்கிவிட்டா. போன் மேசையில் கிடந்தது. மேலே ஃபான் சுத்திக்கொண்டிருந்தது. இடையில் ஏதோ விளம்பர அழைப்பு ஒன்று வந்திருக்கிறது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தபடியால் நாங்கள் கவனிக்கவில்லை. பதிவு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஆச்சி பாடிக்கொண்டே இருந்தா.

இரவு அறைக்கு வந்து கேட்டால், இருந்த பாதியும் சரியில்லை. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஆச்சி இழுக்கிற இழுவை தேய்ந்து காணாமல் போகிறது. அவ மூச்சு விடுகிற இடங்களில் ஃபான் பெரிதாக எழும்பி வருகிறது. அடுத்த மாதம் திரும்பப் போய்க் கேட்டோம். “அண்டைக்குப் பாடினனான்தானே மோனை” எண்டா. நாங்கள் கெஞ்சினதுக்காகச் சொற்களை மட்டும் சொல்லித் தந்தா, கணக்கு வாய்ப்பாடு சொல்லுற மாதிரி. இப்ப எங்களிடம் அந்தப் பாட்டின் சொல் முழுதாக இருக்கிறது. மெட்டு பாதிதான் இருக்கிறது. அந்தப் பாதிக்குள்ளும் ஃபான்.

ஆகவே இதை நாங்கள் மேலே நின்று புத்தி சொல்லும் ஆட்களாக எழுதவில்லை, பிழை விட்டவர்களாக எழுதுகிறோம். களத்தில் கேட்கும் குரல் நாங்கள் கேட்கிறதாலை மட்டும் வருவதில்லை. வரும்போது பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு கருவியை யோசித்துத் தெரிவுசெய்வதும் ஆய்வில் ஒரு பகுதி. அதைக் கடைக்காரரின் வேலை என்று விடுகிறவர்களோடுதான் எங்கள் சண்டை.

முதலில் போனுக்கு என்ன குறை என்று நேர்மையாகப் பார்ப்போம். மைக் கூடாது என்பது இல்லை. இண்டைக்கு வருகிற போன்களின் மைக் பரவாயில்லை. பிரச்சினை, போன் கதைப்பதற்காகச் செய்யப்பட்டது. மற்றப் பக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சொல் விளங்கினால் அதன் வேலை முடிந்தது. அதனால் அது கேட்கிறதை அப்படியே எழுதி வைப்பதில்லை. திருத்தி எழுதுகிறது. சத்தம் குறைந்தால் தானாகக் கூட்டும், கூடினால் தானாகக் குறைக்கும். ஆச்சி மூச்செடுக்கும் மௌனத்தில் ஃபானும் காகமும் திடீரென்று பெருக்கிறது இதனால்தான். ஒரே சீராகத் தொடரும் ஒலியைப் பல போன்கள் இரைச்சல் என்று கணித்து வெட்டும். நீண்டு தேயும் ஒரு இழுவைக்கும் ஃபானின் இரைச்சலுக்கும் வித்தியாசம் அதற்கு எப்போதும் விளங்காது. ஒப்பாரியில் இழுவையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? தாலாட்டில்?

அடுத்தது கோப்பு. போனில் வழமையாக இருக்கும் ரெக்கோடர் செயலிகள் பலதும் ஒலியைச் சுருக்கித்தான் சேமிக்கின்றன. பிறகு அதை நாங்கள் வட்ஸ்அப்பில் குழுவுக்கு அனுப்புகிறோம். வட்ஸ்அப் குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பினால் இன்னும் மோசம். சுருக்கும்போது, ‘மனிசக் காதுக்கு இது முக்கியமில்லை’ என்று ஒரு கணக்குப் போட்டு எறிந்துவிடுகிறது. எறிந்தது திரும்பி வராது. ல, ழ, ள வேறுபாட்டையும் ன, ண வேறுபாட்டையும் ஊர் ஊராகத் தேடிப்போகிற மொழியியல் மாணவர் ஒருவர் அந்தக் கோப்பை வைத்து என்ன செய்கிறது?

இதற்கு வருகிற பதில் எங்களுக்குத் தெரியும். “இவை பணக்கார வீட்டுப் பிள்ளையள் போல. மகாபொலக் காசில ரெக்கோடர் வாங்கேலுமோ?” நியாயமான கோபம். அதற்குக் கடைசியில் வருகிறோம். அதற்கு முதல், எதிர்ப்பக்கத்தில் நிற்கிற இன்னொரு கூட்டத்தோடும் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

அவர்கள் யூடியூப் பார்த்து வந்தவர்கள். “96 கிலோஹேர்ட்ஸ் இல்லாட்டி எடுக்காதை. 32-பிற் ஃபுளோட் இல்லாத ரெக்கோடர் எல்லாம் பழசு” என்பார்கள். இலக்கம் பெரிதானால் ஒலி நல்லது என்ற மூட நம்பிக்கை இது. மனிதக் காது கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸ். அதைப் பிடிக்க அதன் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே மாதிரி எடுத்தால் போதும். சீடி 44.1 இல் நின்றது அதனால்தான். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ. காப்பகப் பாவனைக்குக் குறைந்தபட்சமாகச் சொல்வது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற். ஆச்சியின் குரலுக்கு அது தாராளம். 96 இல் எடுத்தால் கோப்பு இரண்டு மடங்காகும், மெமரி கார்ட் பாதி நேரத்தில் நிரம்பும். அவ்வளவுதான்.

32-பிற் ஃபுளோட் பிரயோசனமில்லாத விஷயம் இல்லை. திடீரென்று ஒருவர் கத்தினாலும், பறை முழங்கினாலும், பதிவின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்காது. பிறகு கொம்பியூட்டரில் இறக்கிக்கொள்ளலாம். சத்த அளவை வைக்கத் தெரியாமல் பதறுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அது உதவிதான். ஆனால் அது ஃபானை நிறுத்தாது. தூரத்தை ஈடுசெய்யாது. மைக் தாங்கக்கூடியதை விடச் சத்தம் பெரிதென்றால் மைக்கிலேயே ஒலி கெட்டுவிடும், அதை எந்தப் பிற்றும் திருத்தாது. நல்ல பதிவுக்கு முதற் காரணம் மைக்குக்கும் வாய்க்கும் இடையில் இருக்கிற தூரம். அந்தத் தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். ஃபான் கூடாது. இதுக்கு ஒரு சதமும் செலவில்லை. கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டால் சரி.

அப்ப எதைப் பார்த்து வாங்குகிறது? ரெக்கோடரின் பெட்டியில் இருந்து தொடங்காமல், எந்தக் குரலைத் தேடிப் போகிறோம் என்பதில் இருந்து தொடங்க வேண்டும். இது மட்டும்தான் எங்கள் வாதம். மிச்சமெல்லாம் அதில் இருந்து தானாக வரும்.

ஒருவரை அவரின் வீட்டில் இருத்திக் கதைக்கப் போகிறீர்கள் என்றால், சின்ன ரெக்கோடர் ஒன்று போதும். எக்ஸ்-வை முறையில் இரண்டு மைக் வைத்த ஸூம் எச்1என் போன்றவை முன்னுக்கு இருப்பதைக் கூடுதலாகவும் பின்னுக்கு இருப்பதைக் குறைவாகவும் எடுக்கும். ரஸ்கம் டிஆர்-05எக்ஸின் மைக் நாலாபக்கமும் கேட்கிற வகை. பாயில் வட்டமாக இருந்து ஐந்தாறு பேர் கதைக்கிற இடத்தில் அது நல்லது. கோழியும் மோட்டார் சைக்கிளும் இரைகிற முற்றத்தில் அதுவே வினை. இரண்டும் 24 பிற்றில் வேவ் கோப்பாகச் சேமிக்கும். இரண்டிலும் வெளி மைக் பூட்டுகிற துளை உண்டு. சட்டையில் குத்துகிற ஒரு சின்ன மைக்கை அதில் பூட்டினால், மெல்லக் கதைக்கிற ஆட்களின் குரலும் தெளிவாக விழும்.

கூத்து என்றால் கதை வேறு. மட்டக்களப்பில் வட்டக்களரியில் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லாரியும் ஓரிடத்தில், ஆடிப் பாடுகிறவர் சுழன்று வேறோரிடத்தில். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து என்றாலும், யாழ்ப்பாணத்தில் காத்தவராயன் கூத்து என்றாலும், விடிய விடிய நடக்கிற சங்கதி. அதற்கு மேசையில் ஒரு சின்ன ரெக்கோடரை வைத்துவிட்டு நித்திரை கொள்ள முடியாது. ஸூம் எச்5 போல, எக்ஸ்எல்ஆர் மைக் இரண்டைப் பூட்டக்கூடிய ஒன்று தேவை. மத்தளத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. அதை வாங்க முடியாவிட்டால் கூத்தைப் பதியாமல் விடச் சொல்லவில்லை. சின்ன ரெக்கோடரை மத்தளத்துக்குக் கிட்ட வைக்காமல், பாடுகிறவரின் சொல் கேட்கிற இடம் பார்த்து உயர்த்தி வையுங்கள் என்கிறோம்.

எந்தக் கருவி என்றாலும் கடையில் வைத்தே நாலு கேள்வி கேளுங்கள். சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுமா? கடைகளில் ‘வொய்ஸ் ரெக்கோடர்’ எண்டு விற்கிற மலிவானவற்றில் எம்பி3 மட்டும் எடுக்கிறவையும் உண்டு. சத்த அளவைக் கையால் வைக்க முடியுமா, அல்லது எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்குமா? கையால் வைக்கிறதென்றால், குரல் உயர்கிற இடத்திலும் முள் -12 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் பயப்படத் தேவையில்லை. ஹெட்போன் பூட்டிக் கேட்டுக்கொண்டே பதிய முடியுமா? அண்டைக்கு எங்களில் ஒருவர் காதில் ஹெட்போன் போட்டிருந்தால், பதிவு நின்றதும் தெரிந்திருக்கும், ஃபான் குறுக்கிட்டதும் தெரிந்திருக்கும்.

நாலாவது கேள்வி பற்றரி. இதை எங்கட ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் வடக்குக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தது. சைக்கிளின் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கதையை எங்கள் வீடுகளில் எல்லோரும் சொல்லுவார்கள். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை நாங்களே கண்டோம். உள்ளே பூட்டிய, சார்ஜ் பண்ணுகிற பற்றரி பார்க்க வடிவுதான். கூத்து நடக்கிற வெளியில் இரவு இரண்டு மணிக்கு அது முடிந்தால் அவ்வளவுதான். ரஸ்கம் டிஆர்-05எக்ஸுக்கு இரண்டு ஏஏ, ஸூம் எச்1என்னுக்கு இரண்டு ஏஏஏ. ஊர்க் கடையிலும் வாங்கலாம். எங்கள் வாக்கு மாற்றக்கூடிய பற்றரிக்கே.

மெமரி கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், ஸ்ரீரியோ என்றால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி. 32 ஜிபி கார்டில் ஏறத்தாழ 30 மணித்தியாலம். ஆனால் போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய. வாங்கிய உடனேயே கொம்பியூட்டரில் முழுதாக நிரப்பி, திருப்பித் திறந்து பார்த்துவிட்டுத்தான் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதுவரை பாட்டும் கூத்தும். இனி வேறொரு குரல். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியோரத்தில் இருக்கத் தொடங்கினார்கள். பிள்ளையைக் காணாமலே பல தாய்மார் செத்துப் போனார்கள். அவர்கள் சொன்னதை எங்களைப் போன்ற மாணவர்கள் போனில் பதிந்திருக்கிறோம். அந்தப் போனில் எங்கள் தொடர்பிலக்கங்கள், படங்கள், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. பதிந்த கோப்பு எங்களுக்குத் தெரியாமலே இணையக் கணக்கு ஒன்றுக்குப் போய்ச் சேரலாம். யாரும் போனைக் கேட்டு வாங்கினால் எல்லாம் ஒரேயடியாகப் போகும். தனியான ரெக்கோடரில் சிம் இல்லை, கணக்கு இல்லை, தொடர்புப் பட்டியல் இல்லை. அதற்காக அது பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. சாதாரண ரெக்கோடர்களின் கார்டில் பூட்டு இல்லை. எடுத்தவர் எவரும் கேட்கலாம். ஆகவே அண்டைக்கு இரவே கோப்பைக் கடவுச்சொல் போட்ட இடத்துக்கு மாற்றி, கார்டைத் துடைக்க வேண்டும். பெயரைக் கோப்பின் தலைப்பில் எழுதக் கூடாது. மேசையில் ரெக்கோடரை வைப்பதால் வருகிற இன்னொரு நன்மை, சொல்லுகிறவருக்குப் பதிவு நடப்பது கண்ணுக்குத் தெரியும். சிவப்பு வெளிச்சத்தைக் காட்டி, “அம்மா, இது இப்ப பதியுது. நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுவம்” எண்டு சொல்லலாம். கையில் இருக்கிற போன் எப்போது பதிகிறது, எப்போது பதியவில்லை என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

சரி, காசுக் கேள்விக்கு வருவோம்.

ஒரு மாணவர் தனியாக ரெக்கோடர் வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படி வாங்கினால் அது ஒரு ஆய்வேட்டுக்குப் பாவிக்கப்பட்டு, பட்டமளிப்புக்குப் பிறகு ஒரு லாச்சிக்குள் கிடக்கும். இது பொதுவில் இருக்க வேண்டிய சாமான். பறையையும் மத்தளத்தையும் ஊர் பொதுவில் வைத்திருக்கிறது போல. ஒரு துறைக்கு இரண்டு சின்ன ரெக்கோடர், ஒரு பீடத்துக்கு எக்ஸ்எல்ஆர் பூட்டுகிற பெரியது ஒன்று, எடுத்தவர் பெயரும் திருப்பித் தந்த திகதியும் எழுதுகிற ஒரு கொப்பி. இவ்வளவுதான் கேட்கிறோம். கருத்தரங்குப் பதாகைக்கும் பூமாலைக்கும் பொன்னாடைக்கும் காசு கிடைக்கிற இடத்தில் இதற்குக் கிடைக்காது என்று எங்களுக்குச் சொல்லாதீர்கள். துறை தராவிட்டால் நாங்களே சேர்வோம். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு ஆளுக்கு வருகிற பங்கு, போன் உறையும் புது இயர்ஃபோனும் வாங்குகிற காசுக்குள்தான் வரும்.

அதுவரைக்கும் போன்தான் கதி என்பவர்கள் குறைந்தது இதைச் செய்யுங்கள். விமான முறையில் போடுங்கள், அழைப்பு வராது. வேவ் கோப்பாகப் பதிகிற செயலி ஒன்றை இறக்குங்கள், தானாகத் திருத்துகிற வசதிகளை முடிந்தவரை நிறுத்துங்கள். ஃபானை நிற்பாட்டக் கேளுங்கள், வேர்த்தால் வேர்க்கட்டும். மேசையில் நேரே வைக்காமல் மடித்த துவாய் ஒன்றின் மேல், வாய்க்குக் கிட்ட வையுங்கள். நண்பருக்கு அனுப்புவதென்றால் ‘டொக்கியூமென்ற்’ ஆக அனுப்புங்கள், அப்படி அனுப்பினால் சுருங்காது. இவ்வளவும் செய்த பிறகு ‘போன் காணும்’ என்றால் நாங்கள் வாயை மூடுகிறோம். ஒன்றும் செய்யாமல் சொல்வதைத்தான் ஏற்க மாட்டோம்.

பதிந்தால் மட்டும் போதாது என்பதையும் எங்களுக்கே சொல்லிக்கொள்கிறோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகளும் போயின. ஒவ்வொரு வருஷமும் அதை நினைவுகூருகிறோம். ஆனால் எங்கள் நேர்காணல்களை ஒரே ஒரு மடிக்கணினியில் வைத்திருக்கிறோம். மூன்று பிரதி, இரண்டு வகையான சேமிப்பு, அதில் ஒன்றாவது வேறொரு இடத்தில். காப்பகக்காரர் சொல்லுகிற கணக்கு இது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் நூல்களோடு வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் சேர்க்கிறது. சொன்னவரின் சம்மதம் இருந்தால் அங்கே கொடுக்கலாம். ஒரு பிரதி கட்டாயம் பாடினவரின் வீட்டுக்குப் போக வேண்டும். பேரப்பிள்ளையின் போனில் போட்டுக் கொடுத்தாலும் சரி, அதற்குப் போன் காணும்.

நாங்கள் பத்துப் பேர் இப்ப காசு சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு ஏஏ பற்றரி போடுகிற, வேவில் பதிகிற, ஹெட்போன் பூட்டுகிற ஒன்று. வாங்கினதும் முதல் வேலையாக வன்னிக்குப் போவோம். ஆச்சியைப் பாடச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. அருவி வெட்டு நேரம் பார்த்துப் போய், தேத்தண்ணி குடித்து, கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, ஃபானை நிற்பாட்டிவிட்டு இருப்போம். அவவுக்கு வந்தால் பாடட்டும்.